பத்து கிலோ தண்ணீர்

பிப்ரவரி 11, ஞாயிறு

கூம்பன் பாறை, ஓடை வழி. பத்து கிலோ சுமையோடு 3 மணி 20 நிமிடம். இடது முழங்கால் ஏற்றத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது, இறக்கத்தில் முனகியது. துரை 3 மணி 11 நிமிடம்.

நான் இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்த்து எழுதுகிறவன். எழுதாத எண் எனக்கு எண்ணே இல்லை. அதனால்தான் எங்கள் மலையேற்றக் குழுவில் நேரமும் எடையும் என் பொறுப்பு. செப்டம்பரில் இமயத்தில் பதினெட்டாயிரம் அடிச் சிகரம் ஒன்றுக்கு எங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் போகலாம். ஓர் இடம் ஜெபராணிக்கு. உடற்பயிற்சி ஆசிரியை, இருபத்தெட்டு வயது, ஆடு போல ஏறுவாள். அவளோடு போட்டி போட யாருமில்லை. இன்னோர் இடத்துக்கு மார்ச் 3 அன்று தேர்வு. நான், இசக்கித்துரை, வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு பேர். வங்கிக்காரர்கள் தொப்பையைக் குறைக்க வருகிறவர்கள், அவர்களை விட்டுவிடலாம்.

துரை என் மனைவி வடிவின் தம்பி. சிமென்ட் கடையில் மூட்டை ஏற்றுகிறான், முப்பத்து மூன்று வயது. ஊரில் யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்வார்கள். எனக்கு அது ஒரு பிரச்சினை இல்லை.

பயிற்சிச் சுமை என்பது தண்ணீர்தான். ஐந்து லிட்டர் கேன் இரண்டு. மேலே போனதும் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்த்துவிட்டு, தண்ணீரைப் பாறையில் கொட்டிவிட்டுக் காலிக் கேனோடு இறங்குவோம். இறக்கத்தில் சுமை இருந்தால் முட்டி போய்விடும். ஜனவரியில் ஒரு வங்கிக்காரர் சுமைத் தண்ணீரைப் பாதி வழியிலேயே குடித்துவிட்டு, அருமையான நேரம் என்று பீற்றிக்கொண்டார். அன்றிலிருந்து கேன் மூடிமேல் டேப் ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போடுகிறேன், மீட்டருக்கு சீல் வைப்பது மாதிரி. டேப் கிழிந்திருந்தாலும், எடை குறைந்தாலும் அந்த ஏற்றம் செல்லாது. குடிக்கத் தனியாக ஆளுக்கு ஓர் அரை லிட்டர் பாட்டில். வழி நெடுக ஓடை கூடவே வருவதால் அது போதும்.

துரை இதுவரை சீலைத் தொட்டதில்லை. அத்தான் வைத்த சீல் என்பான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஓடை வழியில் குட்டியோடு யானைக் கூட்டம் நிற்கிறதாம். வனத்துறை அடைத்துவிட்டது. பெயர்களை மார்ச் 10க்குள் அனுப்பியாக வேண்டும், தேதியைத் தள்ள முடியாது. குழுத் தலைவர் மரியசூசை சார் கிழக்கு வழியில் தேர்வை வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அந்தப் பக்கம் எங்களில் யாரும் ஏறியதில்லை. நான் முன்னால் போய்ப் பார்த்து வருவதாக ஏற்பாடு.

பிப்ரவரி 24, சனி

வனக்காவலர் ஒருவரோடு கிழக்கு வழி பார்த்து வந்தேன். தூரம் குறைவு, செங்குத்து அதிகம். ஏழு மணிக்கே முகத்தில் வெயில். பாதி தூரத்தில் ஒரு வேங்கை மரம், அதை விட்டால் பாறையும் காய்ந்த புல்லும்தான். அடியிலிருந்து உச்சி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பொங்கலுக்குப் பிறகு ஆடுகூட இந்தப் பக்கம் ஏறாது என்றார் காவலர். சுமை இல்லாமலே இரண்டரை லிட்டர் குடித்தேன்.

எல்லோருக்கும் சொல்ல வேண்டும்: குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர்.

பிப்ரவரி 27, செவ்வாய்

குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். காலை 6.30க்கு அடிவாரம், 7 மணிக்குப் புறப்பாடு, தொப்பி, முழுக்கைச் சட்டை, கேனுக்கு டேப் நானே கொண்டுவருவேன்.

இரவு துரை சாப்பிட வந்தான். வடிவு இடியாப்பமும் சொதியும் செய்திருந்தாள். பதினொன்று தின்றான். அக்காவும் தம்பியும் ஏதோ பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், எனக்குப் புரியவில்லை. எழுந்து கை கழுவும்போது, அந்தப் பக்கம் ஊற்று ஏதும் உண்டா அத்தான் என்று கேட்டான். மலையில் தண்ணீர் இல்லாமலா போகும் என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. கூம்பன் பாறையில் தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது, மேற்கே.

மார்ச் 2, சனி

பை கட்டியாயிற்று. கேன் இரண்டு. முதுகோடு ஒட்டிக் கிடக்கும் மூன்று லிட்டர் தண்ணீர்ப் பை, உறிஞ்சுகுழாயோடு. குழாயைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டால் தொந்தரவு இல்லை. நாற்பத்தாறு வயதில் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

கிழக்கு வழி. என் நேரம் 3 மணி 42 நிமிடம். எடை 10.0. சீல் சரி.

துரை ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வெயில்.

மார்ச் 4, திங்கள்

எல்லோரும் ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். நடந்ததை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். போட்டியில் நானும் இருப்பதால் தராசு ஜெபராணி கையில், அவள் ஒரு மணி நேரம் முன்பே மேலே போய்விட்டாள். மரியசூசை சார் வேனோடு கீழே. வங்கிக்காரர்கள் இருவரும் முக்கால் மணி நேரத்தில் சீலைக் கிழித்து, வயிறு முட்டக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

துரை பாய்ந்து போனான். வேங்கை மரத்தடிக்கு நான் வந்தபோது மணி 8.52. அவன் பன்னிரண்டு நிமிடம் முன்னாலேயே வந்து எனக்காகக் காத்திருந்தான். அரை லிட்டர் பாட்டில் காலி. உதடு வெள்ளை பூத்திருந்தது.

“அத்தான், ஊத்து எங்க இருக்கு?”

இன்னும் மேலே பார்ப்போம் என்றேன்.

“நாக்கு ஒட்டுது அத்தான். கேனுல இருந்து ரெண்டு மொடக்கு குடிச்சிக்கிடட்டுமா?”

“தாராளமா குடி. யாரு வேண்டாங்கா? எடை கொறஞ்சா நான் எழுதித்தான் ஆவணும்.”

இதைத்தான் சொன்னேன், ஒரு சொல் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. நான் தடுக்கவில்லை. முப்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை. அவன் கேன், அவன் கை, அவன் வாய். காலிப் பாட்டிலை வாயில் கவிழ்த்துப் பார்த்தான். பிறகு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

10.42க்கு நான் உச்சியில். ஜெபராணி எடை பார்த்தாள். வழக்கப்படி கேன் இரண்டையும் பாறையில் கொட்டினேன், ஈரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. முன்னால் போன துரை எங்கே என்று கேட்டாள். பின்னால் வருகிறான் என்றேன். கால் மணி நேரம் பார்த்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். பிறகு அவள் கத்துவது கேட்டது.

உச்சிக்கு இருநூறு அடி கீழே புல்லில் முகம் குப்புறக் கிடந்தான். முதுகில் பை அப்படியே இருந்தது. தோல் அடுப்பில் வைத்த கல் மாதிரிக் கொதித்தது, வேர்வை இல்லை. சீல் இரண்டும் கிழியாமல் இருந்தன. ஜெபராணி பல்லால் டேப்பைக் கிழித்து பத்து லிட்டரையும் அவன் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினாள். வனத்துறை ஆட்கள் வந்து தூக்கிக் கீழே கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனது.

மார்ச் 6, புதன்

நினைவு வந்துவிட்டது. ஆனால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சம் வந்து, அதுவும் நின்றுபோயிற்று. உடம்புச் சூட்டில் சதை நொறுங்கி, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டதாம். டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறார்கள். சில வாரங்களில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். மீட்டர் ஓடுகிறதா இல்லையா என்று கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டாமா? படித்தவர்கள் இப்படித்தான்.

வடிவு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். நான் சோறு வடித்தேன். குழைந்துவிட்டது.

மார்ச் 9, சனி

மரியசூசை சார் நேரக் குறிப்பைக் கேட்டு வாங்கினார். தயங்கித் தயங்கி, தம்பியின் ஏற்றத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்றார். உச்சிக்கு வரவில்லை, தராசில் எடை பார்க்கவில்லை, சீலும் கிழிந்திருக்கிறது, விதிப்படி அது செல்லாது என்றேன். ஜெபராணிதானே கிழித்தாள் என்றார். யார் கிழித்தாலும் கிழிந்ததுதான். என் பெயரை அனுப்பிவிட்டார்.

சந்தோஷமாக இருக்கிறது. இல்லையென்று எழுதினால் அதுதான் பொய்.

மார்ச் 10, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. நான்காம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

உச்சிக்கு இருநூறு அடி கீழே துரையை நான் தாண்டிப் போனேன். அப்போது அவன் விழவில்லை. கால்கள் பின்னிக்கொள்ள, பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தான். என் சட்டையைப் பிடித்தான். “அக்கா, கதவத் திற, வெயிலடிக்கி” என்றான். என்னைப் பார்த்து. கையை விலக்கிவிட்டு ஏறினேன். களைப்பில் உளறுகிறான் என்று நினைத்தேன். அப்போது என் முதுகுப் பையில் ஒரு லிட்டருக்குமேல் மிச்சம் இருந்தது, உச்சியில் அதையும் நான்தான் குடித்தேன்.

யாரும் சொல்லாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அந்த மூன்று லிட்டரையும் சேர்த்தால் நான் பதின்மூன்று கிலோ சுமந்து ஏறியிருக்கிறேன். அதை ஒருவராவது பாராட்டினார்களா?

மார்ச் 22, வெள்ளி

ஜெபராணி செப்டம்பர் பயணத்திலிருந்து விலகிக்கொண்டாள். பள்ளியில் விடுப்பு இல்லை என்று குழுவுக்குச் செய்தி. நேரில் கேட்டேன்.

“அண்ணாச்சி, எடை போடுததுக்கு உங்க பைய நான்தான் இறக்குனேன். சட்டைக்குள்ள இருந்து அந்தக் குழாய் வெளிய விழுந்துச்சு. அதுக்குமேல உங்க கூட ஒரே கயித்துல எப்படி ஏற?”

அவ்வளவுதான் சொன்னாள். கோபப்பட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. விதியில் குழாய் கூடாது என்று எங்கேயும் இல்லை. அவளுக்கு அது தெரியும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. பாயசம் இல்லை. துரை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருகிறான். நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம், அதற்குமேல் குடித்தால் நெஞ்சில் தேங்கிவிடுமாம். வடிவு ஒரு குவளையில் அளந்து வைக்கிறாள். அவன் அதை நாக்கில் நனைத்து நனைத்துக் குடிக்கிறான். நான் வந்தால் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறான்.

அவனுக்குப் பேசி வைத்திருந்த கடையநல்லூர்ப் பெண் வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மே 5, ஞாயிறு

ஓடை வழி திறந்துவிட்டார்கள். தனியாக ஏறினேன். 3 மணி 9 நிமிடம். துரையின் நேரத்தைவிட இரண்டு நிமிடம் குறைவு. சொல்ல ஆளில்லை.

ஜூன் 17, திங்கள்

சிறுநீரகம் இனி வேலை செய்யாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். மாற்று வைக்க வேண்டும். மாமியாருக்குச் சர்க்கரை, ஆகாது. வடிவுக்கு எல்லாம் பொருந்துகிறது. அவள் கொடுக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். மணமான பெண் கொடுப்பதென்றால் கணவனின் கையெழுத்து வேண்டுமாம், அதற்காகச் சொன்னாள்.

அறுவைக்குப் பிறகு அவளுக்கு ஒரு மாதமாவது ஆள் துணை வேண்டும். நான் செப்டம்பர் கடைசியில் திரும்பிவிடுவேன், அக்டோபரில் வைத்துக்கொண்டால் நானே பார்த்துக்கொள்வேனே என்றேன். நியாயமான யோசனை. வடிவு அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

“உங்களுக்கு என்னைக்கு ரயிலு?”

“செப்டம்பர் பதினொண்ணு. மதுரையில காலம்பற ஏழு மணிக்கு.”

சரி என்றாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மதுரை ஆஸ்பத்திரியில், உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவின் விசாரணை. மூன்று பேர், ஒரு கேமரா. யாரும் கட்டாயப்படுத்துகிறார்களா என்று வடிவைக் கேட்டார்கள். இல்லை என்றாள். எனக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றேன்.

நடுவில் இருந்த அம்மையார் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, பையில் பத்து லிட்டர் தண்ணீர் இருந்ததாக எழுதியிருக்கிறதே, ஏன் குடிக்கவில்லை என்று துரையைக் கேட்டார்.

“மறந்துட்டேன் மேடம்.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். முதுகில் சுமக்கிற தண்ணீரை யாராவது மறப்பார்களா? நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இறக்கையில் ஒன்று கொஞ்சம் வளைந்திருந்தது. அம்மையார் இன்னொரு தடவை கேட்டார். அவன் அதையே சொன்னான். என்னிடம் பேனாவை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

வெளியே தாழ்வாரத்தில் துரை பக்கத்தில் போய் நின்றேன். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆள் பாதியாகிவிட்டான். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருக்கிறது.

“எங்கக்கா மானத்துக்காவச் சொன்னேன் அத்தான். உங்களுக்காவ இல்ல” என்றான்.

அத்தான் என்ற சொல்லை இன்னும் விடவில்லை. அதுதான் வலித்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

அறுவைத் தேதி செப்டம்பர் 11 காலை. வடிவே டாக்டரிடம் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். என் சித்தப்பா, பெண்டாட்டியைக் கத்திக்குக் கொடுத்துவிட்டு மலை ஏறப் போகிறானே, மனுஷனா இவன் என்று வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். வடிவுதான் அவரை அடக்கினாள். “அவிய போகட்டும் மாமா. போய்த்தான் ஆவணும்” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் என் ஆசையில் அவளுக்கு அக்கறை இருக்கிறது. பதினேழு வருடம் கூட வாழ்ந்தவள் அல்லவா. பயணத்தை ரத்து செய்துவிடலாமா என்று ஒரு முழு நாள் யோசித்தேன். செய்யவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

மதுரை. ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் அறை. மாலை வடிவைப் பார்க்கப் போனேன். பச்சை அங்கி போட்டு, வளையலைக் கழற்றி, மூக்குத்தி இருந்த இடத்தில் பஞ்சு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தாலியையும் கழற்றியிருந்தாள். ஆஸ்பத்திரி வழக்கம்தான், எல்லோரையும் கழற்றச் சொல்வார்கள். எங்கே என்று கேட்டேன், துரையைப் பார்க்க வந்து வந்து அவளோடு பழகிவிட்ட ஜெபராணியிடம் இருக்கிறதாம். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், ரயிலுக்கு நேரத்தோடு போய்விடுங்கள் என்றாள். தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டீர்களா என்று கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்பாள்.

கட்டில் தலைமாட்டில் ஒரு படிவம் தொங்கியது. உடனிருப்பவர் என்ற இடத்தில் ஜெபராணி பெயர். நான் ஊரில் இருக்கப்போவதில்லையே, அதனால் இருக்கும்.

செப்டம்பர் 11, புதன்

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

வண்டி கிளம்பிய நேரம் 7.04. அப்போது வடிவு போன் செய்தாள்.

“ஏறிட்டியளா?”

“ஏறிட்டேன். வண்டி நகந்துட்டு.”

“சரி” என்று வைத்துவிட்டாள். கத்திக்குப் போகிற நேரத்திலும் என்னை நினைத்தாளே என்று எதிர் சீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மனைவி, புண்ணியவதி என்றார். திருச்சி வரை மனசு நிறைந்திருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஜெபராணியைக் கூப்பிட்டேன். இருவருக்கும் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்களாம். வடிவு போன் செய்ததைச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன், உள்ளே போகும்போதும் என் நினைப்புத்தான் என்று.

“அண்ணாச்சி, ஸ்ட்ரெச்சர் வந்த பொறவும் அக்கா ஏறமாட்டேன்னு நின்னாவ. நீங்க ஊர விட்டுப் போயாச்சான்னு தெரிஞ்ச பொறவுதான் படுத்தாவ.”

எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஒருவேள உள்ள ஏதாவது ஆயிட்டுன்னா, உங்க கையி அவிய மேல படக் கூடாதாம். கொள்ளியும் நீங்க வைக்கக் கூடாதாம். அதுக்குத்தான் பதினொண்ணாம் தேதி கேட்டு வாங்குனாவளாம். என்கிட்ட எழுதியும் குடுத்திருக்காவ.”

தண்டவாளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். எல்லாம் கேட்டது.

விழுப்புரத்தில் வண்டி பத்து நிமிடம் நின்றது. எதிர் மேடையில் மதுரைக்குப் போகிற வண்டி நின்றிருந்தது, பெட்டிகள் காலியாக இருந்தன. எதிர் சீட்டுக்காரர் இறங்கிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்தார். நான் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். 1.22க்கு எங்கள் வண்டி கிளம்பியது.